ஸ்டெல்த் விமானத்துக்கு ஏன் லென்ஸ் மாட்டுகிறார்கள்: கேள்வி பதில்

ரேடார் பராமரிப்பில் 22 வருடம் இருந்தவன் நான். விமானம் ஓட்டியதில்லை. ரேடார் அலை போய் எதில் பட்டு எப்படித் திரும்புகிறது என்பது மட்டும்தான் என் பேட்டை. ரேடாரில் எளிதில் சிக்காதபடி செய்யப்பட்ட ஸ்டெல்த் விமானத்துக்கு, வேண்டுமென்றே ரேடாரில் தெரிய வைக்கும் லென்ஸ் ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்குள் கேளுங்கள்.

மதிவாணன்: சார், எஃப்-35 படங்களில் உடம்பின் மேலும் கீழும் சின்னப் புடைப்புகள் தெரிகின்றன. ரேடாரில் தெரிய வைக்கும் கருவி அதுதானா? அதற்கு மின்சாரம் வேண்டாமா?

அதுவேதான். அமெரிக்க ஸ்டெல்த் விமானங்களில் எஃப்-35க்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. எஃப்-22க்கு வயிற்றுப் பக்கம். எஃப்-117க்குப் பக்கவாட்டில். சீனாவின் ஜே-20 படங்களிலும் வயிற்றுக்கடியில் பார்க்கலாம். மின்சாரம் வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் லூன்பெர்க் லென்ஸ். 1940களில் ருடால்ஃப் லூன்பெர்க் கணக்குப் போட்டுச் சொன்ன ஒரு உருண்டை.

பள்ளியில் படித்த ஒளிவிலகல் எண்ணை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்த உருண்டையின் நடுவில் அது 1.41. வெளியே வர வர குறைந்து, மேற்பரப்பில் காற்றைப் போலவே 1 ஆகிவிடும். வெங்காயம் மாதிரி, ஒவ்வொரு அடுக்கும் வேறு அடர்த்தி. இணையாக வரும் அலை உள்ளே வளைந்து வளைந்து மறுபக்கத்தில் ஒரே புள்ளியில் குவியும். அங்கே ஓர் உலோகத் தகடு. அலை அதில் மோதி, போன வழியே வளைந்து, வந்த திசைக்கே இணையாகக் கிளம்பும். ஸ்டெல்த் வடிவத்தின் வேலையே அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதுதான். லென்ஸ் அதற்கு நேர் எதிர்: எங்கிருந்து வந்தாயோ அங்கேயே போ.

எவ்வளவு பலம்? 20 செ.மீ. விட்டமுள்ள லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3 செ.மீ. அலைநீள ரேடாருக்கு அது, கணக்குப்படி, சுமார் 14 சதுர மீட்டர் பொருளாகத் தெரியும். ரேடார் கண்ணுக்குத் தெரியும் இந்த அளவுக்குப் பெயர் எதிரொலிப் பரப்பு. அதே அளவு இரும்புக் குண்டு 0.03 சதுர மீட்டர்தான். ஆனால் விமான நிலையங்களில் இருக்கும் 10 செ.மீ. ரேடாருக்கு அந்த லென்ஸ் 1.2 சதுர மீட்டர். 23 செ.மீ. ரேடாருக்கு 0.23. அலைநீளம் சொல்லாமல் சதுர மீட்டர் சொல்கிறவரை நம்பாதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன்.

செல்வி: விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் இருக்கும்போது இது எதற்கு?

நல்ல கேள்வி. டிரான்ஸ்பாண்டர் என்பது கூப்பிட்டால் பதில் சொல்லும் ரேடியோ. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகும், விமானம் 1090இல் பதில் தரும். சாதாரணப் போக்குவரத்துக்கு அதுவே போதும். ஆனால் கருவி பழுதானால் பதில் நின்றுவிடும். அப்போது தரையில் இருப்பவருக்கு வெறும் எதிரொலியாவது கிடைக்க வேண்டும். லென்ஸ் பழுதாகாது, அணைந்தும் போகாது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் குறும்பானது. அமைதிக் காலத்தில் பறக்கும்போது அக்கம்பக்கத்து ரேடார்கள் எல்லாம் காது தீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் மாட்டிப் பறந்தால் அவர்கள் பதிவு செய்வது லென்ஸைத்தான். விமானத்தின் உண்மையான எதிரொலி அதற்கடியில் அமுங்கிவிடும். என்னைக் கேட்டால் இதுதான் முதல் காரணம், பாதுகாப்பு அப்புறம்.

நவீன்: சண்டை வந்தால் வானிலேயே கழற்றி எறிவார்களா?

இல்லை. தரையில் மாட்டுவது, தரையிலேயே கழற்றுவது.

கார்த்தி: எஃப்-35ஆ, ரஃபேலா? எது பெஸ்ட்?

பேட்டைக்கு வெளியே. அடுத்தவர்.

இளங்கோ: 2025 ஜூனில் பிரிட்டிஷ் எஃப்-35பி திருவனந்தபுரத்தில் இறங்கியபோது நம் விமானப்படை அதைக் கண்டுபிடித்துவிட்டதே! ஸ்டெல்த் எல்லாம் சும்மாதானே அண்ணா?

இது வருமென்று தெரியும். ஜூன் 14 அன்று அந்த விமானம் அவசரமாகத் திசைமாறி வருவதாக அறிவித்துவிட்டுத்தான் வந்தது. உதவி கேட்டு வரும் விமானி ஒளிந்து வர மாட்டார், தம்பி. தன்னைக் காட்டிக்கொள்வதுதான் அவருக்கு லாபம்.

இளங்கோ: "கண்டறிந்து அடையாளம் கண்டோம்" என்று நம் விமானப்படையினரே சொன்னார்களே?

சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். அவசர அறிவிப்புக்குப் பிறகு கண்டறிந்தோம், இறங்க அனுமதி கொடுத்தோம் என்றார்கள். அது அவர்கள் வேலை, ஒழுங்காகச் செய்தார்கள். ஸ்டெல்த்தை முறியடித்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. அதைச் சேர்த்தது நீங்கள்.

பிரபு: இளங்கோ கேட்பதில் நியாயம் இருக்கிறது. லென்ஸே இல்லாமல், டிரான்ஸ்பாண்டரையும் அணைத்துவிட்டு வந்திருந்தால்?

இது கேள்வி! அப்போதும் ஓடுபாதைக்குப் பக்கத்தில் தெரிந்திருக்கும். ஸ்டெல்த் என்றால் மாயமல்ல, தூரம் குறைவது. எதிரொலிப் பரப்பை 10,000 மடங்கு குறைத்தாலும் ரேடார் பார்க்கும் தூரம் 10 மடங்குதான் குறையும், ஏனென்றால் தூரம் அந்தப் பரப்பின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. 200 கி.மீ.யில் பார்த்த ரேடார் 20 கி.மீ.யில் பார்க்கும். போதாததற்கு இறங்கும்போது சக்கரங்கள் வெளியே, அவற்றின் கதவுகள் திறந்தபடி. மூலைமுடுக்கெல்லாம் எதிரொலிக்கும்.

இளங்கோ: அப்படியென்றால் கண்டுபிடித்தது கண்டுபிடித்ததுதானே!

தம்பி, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவரைத் துப்பறிந்து பிடித்தேன் என்று சொன்னால் எப்படி? இந்த விஷயத்தை இதோடு விடுவோம்.

வேலு: 1999இல் செர்பியா எஃப்-117ஐ எப்படி வீழ்த்தியது?

மார்ச் 27 அன்று. தேடியது பி-18, சுமார் 2 மீட்டர் அலைநீள ரேடார். அலைநீளம் விமானத்தின் வால், இறக்கை அளவுக்கு வந்துவிட்டால் வடிவத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது. சுட்டது எஸ்-125 ஏவுகணை. அதை இயக்கிய ஸோல்டான் டானியின் அணி ரேடாரைச் சில நொடிகள் மட்டும் போட்டு அணைக்கும், அடிக்கடி இடம் மாறும். ரேடாரைவிட அந்த ஒழுக்கத்துக்குத்தான் பாதிப் பெருமை.

அருண்: எஃப்-35 ரேடாரில் கோல்ஃப் பந்து அளவுதானாமே?

எந்த அலைநீளத்தில்? முன்பக்கமா, பின்பக்கமா? அது தெரியாமல் பந்து எதுவாக இருந்தால் என்ன.

சுரேஷ்: நம்மவர்கள் எஃப்-35ஐப் பிடித்தது உண்மையா?

மேலே.

தினேஷ்: லென்ஸைப் பறக்கும்போது கழற்றலாமா?

மேலே, மேலே. நவீனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜெயந்தி: ஐயா, கண்ணாடியிழைப் படகில் உலோகத் தகடுகளைச் சேர்த்து ஒன்று தொங்கவிடுகிறார்கள். அதுவும் இதே வகையா?

அப்பாடா! ஆமாம் அம்மா, இதற்கு ஏழை அண்ணன். மூன்று தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால், உள்ளே வரும் அலை மூன்றிலும் பட்டு வந்த திசைக்கே திரும்பும். கண்ணாடியிழையும் மரமும் ரேடாருக்குச் சரியாகத் தெரியாது, பெரிய கப்பல் மோதாமல் காப்பாற்றுவது இதுதான். தகடு நெளிந்து செங்கோணம் சில பாகை விலகினாலே பலம் சட்டென்று விழுந்துவிடும். எண்முகமாக வருவதைக் கூர்முனையில் கட்டித் தொங்கவிடாதீர்கள். ஒரு குழி நேராக வானத்தைப் பார்த்து, மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் மற்றக் குழிகள் சுற்றிலும் கடல்மட்டத்தைப் பார்க்கும். முடிந்தவரை உயரத்தில் கட்டுங்கள். எந்த அலைநீள ரேடாருக்கு எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.