நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் எத்தனை சதவீதம்?

கேள்வி: பிளஸ் 2-வில் வரலாறு எடுத்தவள் நான். வயது 41. கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் உரிமத்துக்காக என்.ஐ.எஸ்.எம். என்ற நிறுவனம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருப்பார்; அந்த 61 நாளில் படித்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் கூட்டு வட்டி, பணவீக்கம் என்று வந்தாலே புத்தகத்தை மூடிவிடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, மண்டபம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் மகளிர் குழுக் கணக்கு ஒன்று பென்சிலில் இருக்கிறது. தவறுதலாக அந்தத் தாளிலேயே எழுதிவிட்டீர்கள் போலும். 10,000 ரூபாய்க் கடன், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, மாதம் 200. பிழையே இல்லை. அங்கிருந்தே தொடங்குங்கள்.

நம் கரையில் வட்டியை மாதக் கணக்கில் சொல்வோம். தேர்வில் ஆண்டுக் கணக்கில் கேட்பார்கள். இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். முதல் மாத வட்டியைக் கட்டாவிட்டால் 10,200-க்கு வட்டி ஓடும். அடுத்த மாதம் 204. இப்படியே பன்னிரண்டு மாதம் போனால் 12,400 அல்ல, 12,682 நிற்கும். கூடுதலான அந்த 282 ரூபாய் வட்டிக்கு வட்டி; அதையும் சேர்த்த 2,682 ரூபாய்தான் கூட்டு வட்டி. சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் முன் பன்னிரண்டு வரியையும் கையால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், எழுதுங்கள்.

பணவீக்கம் அவ்வளவு கடினமில்லை. வைப்புத்தொகைக்கு 7 சதவீதம் வட்டி, விலைவாசி ஏற்றம் 5 சதவீதம் என்றால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 2. நுணுக்கமாகக் கேட்டால் 1.07-ஐ 1.05-ஆல் வகுக்க வேண்டும், 1.019 வரும், அதாவது 1.9 சதவீதம்.

நிகர சொத்து மதிப்புக்கு ஒரு வல்லத்தை, அதாவது நாட்டுப் படகை, நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 10 லட்சம், அதன் மேல் கடன் 4 லட்சம், ஆறு பங்கு. கடனைக் கழித்து ஆறால் வகுத்தால் பங்குக்கு 1 லட்சம். ஃபண்டில் பங்குக்குப் பதில் யூனிட், அவ்வளவுதான்.

மாதாமாதம் ஒரே தொகைக்கு யூனிட் வாங்கும்போது வரும் சராசரி விலையில்தான் பலர் சறுக்குவார்கள். 1,600 ரூபாய்க்குச் சீலா மீன் வாங்குகிறீர்கள். தடைக்காலத்தில் கிலோ 800 என்று வைத்துக்கொள்வோம்: 2 கிலோ. படகுகள் போய்வந்த பிறகு 400: அதே பணத்துக்கு 4 கிலோ. சராசரி 600 என்று எழுதினால் மதிப்பெண் போயிற்று. 3,200-ஐ 6-ஆல் வகுத்தால் 533 ரூபாய் சொச்சம். வரத்து குறைந்தால் விலை ஏறும் என்ற பொருளாதாரப் பாடமும் இந்தக் கூடைக்குள்ளேயே இருக்கிறது. கரைக்காரருக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நானே ஒருமுறை அவமானப்பட்டேன். தொண்டியில் ஒரு கூட்டத்தில், 50 சதவீதம் விழுந்த முதலீடு 50 சதவீதம் ஏறினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் கருவாடு விற்கும் அம்மா ஒருவர், "நூறு ஐம்பதாச்சு, ஐம்பதில் பாதி இருபத்தைந்துதானே ஐயா?" என்றார். 75-தான். பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். இந்தப் பொறியில் நீங்கள் விழாதீர்கள்.

தேர்வில் 100 கேள்வி, 2 மணி நேரம், தேற 50 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். எனவே ஒரு கேள்வியையும் விடாமல் குறித்துவிடுங்கள். கணக்கு கொஞ்சம்தான், விதிமுறைப் பாடங்களே அதிகம். கணக்குக்கு முதல் இருபது நாள் போதும், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கணவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவருக்கும் பொழுது போகும்.