மாதவிடாய் நிற்கும் வயதில் மறதி: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 48 வயது. ஆறு மாதமாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது. நேற்று ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்றே தெரியாமல் நின்றேன். தெரிந்தவர்கள் பெயர்கூட நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. இது மறதி நோயின் ஆரம்பமா?

பதில்: பயப்படாதீர்கள் சகோதரி. இந்த வயதில் இதே கதையை நிறையப் பெண்கள் சொல்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கர்ப்பப்பைக்கு மட்டுமான சுரப்பு இல்லை. புதிய விஷயங்களை மனதில் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியிலும் அது வேலை செய்கிறது. அங்குள்ள நரம்புச் செல்களின் கிளைகளில் பொடிப்பொடியாக முட்கள் இருக்கும். ஒரு செல் சொல்வதை இன்னொரு செல் வாங்கிக்கொள்ளும் இடம் அதுதான். 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் வூலியும் புரூஸ் மெக்ஈவனும் பெண் எலிகளில் இதை எண்ணிப் பார்த்தார்கள். நான்கைந்து நாள் சுழற்சிக்குள்ளேயே, ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது முட்கள் கூடின, இறங்கியதும் குறைந்தன. வளர்ந்த மூளை இவ்வளவு வேகமாக மாறும் என்று அதற்கு முன் பலரும் எதிர்பார்க்கவில்லை.

உங்களுக்கு இப்போது அந்தச் சுரப்பு ஒரு நாள் ஏறி, ஒரு நாள் இறங்கித் தடுமாறுகிறது. அமெரிக்காவில் 2,362 பெண்களை நான்கு ஆண்டுகள் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், இந்தத் தடுமாற்றக் காலத்தில் புதியதைக் கற்கும் திறன் மந்தமானது. மாதவிடாய் முழுதாக நின்ற பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. இரவில் வியர்த்து விழித்துக்கொள்கிறீர்களா? தூக்கம் கெட்டாலும் மறதி வரும். தைராய்டும் வைட்டமின் பி12-ம் ரத்தப் பரிசோதனையில் ஒருமுறை பாருங்கள். தெரிந்த தெருவிலேயே வழி தவறினால், முப்பது வருடமாக வைத்த ரசம் வைக்கத் தெரியாமல் போனால், அப்போது தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மாமியாருக்கு 67 வயது. ஞாபக சக்திக்கு ஹார்மோன் மாத்திரை தரலாமா?

பதில்: வேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்ட 4,532 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 45 பேர் மறதி நோய்க்கு ஆளானார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 22 பேர். மாதவிடாய் நின்ற சில வருடங்களுக்குள் ஹார்மோன் எடுக்கத் தொடங்கியவர்களிடம் நடந்த பிற்கால ஆய்வுகளில் நினைவாற்றலுக்குக் கெடுதலும் இல்லை, லாபமும் இல்லை. உடல் தகிப்புக்கு அந்த வயதில் மருத்துவர் தருவது வேறு விஷயம்.

கேள்வி: ஆண்களுக்கு இதெல்லாம் கிடையாதா?

பதில்: மூளையில் ஈஸ்ட்ரோஜனின் வேலை அவர்களுக்கும் உண்டு. ஆண் மூளையே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 39 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள், "இனி தேவைப்படாது" என்று. இப்போது 42. மூளையைப் பாதிக்குமா?

பதில்: "தேவைப்படாது" என்ற அந்த வார்த்தைதான் எனக்கு வருத்தம். ஈஸ்ட்ரோஜன் சுரப்பது சினைப்பையில். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் சுரப்பு பெரும்பாலும் தொடரும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் ஒரே நாளில் சரிந்துவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நிற்கும் முன்பே சினைப்பை எடுக்கப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் அறிவாற்றல் குறையும் ஆபத்து கூடுதலாக இருந்தது. எடுத்த வயது எவ்வளவு குறைவோ, ஆபத்து அவ்வளவு அதிகம். 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

அம்மாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். இரண்டு சினைப்பையும் போனதா, ஒன்றா, ஏன் என்று அதில் இருக்கும். மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறையும் பிரச்சினையோ இருந்ததா என்பதையும் குறித்துக்கொண்டு, மகப்பேறு மருத்துவரிடம் கையோடு கொண்டு போங்கள்.