பள்ளி நூலகத்தில் சாதி பற்றிய புத்தகம் வைக்கலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை நான், நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். சாதி, அடையாளம், சமூகநீதி பற்றிய புத்தகங்கள் வாங்க நினைக்கிறேன். "பிள்ளைங்க மனசுல ஏன் விஷத்தை விதைக்கிறீங்க?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எதை வாங்கலாம்? இவர்களுக்கு என்ன சொல்ல?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதலில் தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' வாங்குங்கள், டீச்சர். 1939இல் வந்த சின்னப் புத்தகம். கோயம்புத்தூரில் படித்தபோது, தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றப் பையன்களோடு சேராமல் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர் இவர். விஷம் என்று சொல்பவர்களிடம் அந்தப் பக்கத்தை நீட்டுங்கள். நாம் புத்தகம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்தப் பையனுக்குச் சாதி தெரியும். தெரியாமல் இருப்பது பக்கத்து பெஞ்சுக்காரனுக்குத்தான்.

பத்தாம் வகுப்புக்குப் பாமா தன் வாழ்க்கையிலிருந்து எழுதிய 'கருக்கு' (1992). முழுதும் கனம் என்று தோன்றினால் பொட்டலக் காட்சியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தின் நூலை மட்டும் பிடித்துத் தூக்கி வருகிறார்; பார்க்கும் சிறுமிக்குச் சிரிப்பு. அவர் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு போய்விடுகிறது. உங்கள் வகுப்பும் முதலில் சிரிக்கும், சிரிக்கட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு 'பீமாயணம்', தமிழிலும் உண்டு. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்ட் பழங்குடி ஓவியர்கள் வரைந்தது. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் அம்பேத்கரின் கதையை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகூடப் படத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்ளும். 'பிறந்தார், படித்தார், போராடினார்' வகைத் தலைவர் வரலாறுகளைக் கட்டுக்கட்டாக வாங்காதீர்கள். பரிசு கொடுக்கத்தான் ஆகும்.

இவற்றுக்குத் தனி அலமாரி, பெயர்ப் பலகை எல்லாம் வேண்டவே வேண்டாம். அதன் முன்னால் நிற்கிற பிள்ளையை நாலு பேர் உற்றுப் பார்ப்பார்கள். மற்றக் கதைப் புத்தகங்களுக்கு நடுவே செருகிவிடுங்கள். அப்புறம், வாசித்து முடித்ததும் ஒரு பிள்ளையைக் குறிவைத்து "உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பது பெரும்பாலும் நல்ல மனசுள்ள ஆசிரியர்கள்தான்.

'கருக்கு' மட்டும் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று ஆசிரியர் அறைக்குப் போகும், திரும்பி வராது.