வேலைக்கு ஓடும் லோடு வண்டிக்கு எந்த இன்சூரன்ஸ்?

கேள்வி: சின்னச் சின்ன கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். மூன்று வருடம் ஓடிய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். சென்ட்ரிங் பலகை, ஜாக்கி, வைப்ரேட்டர் எல்லாம் அதில்தான் போகும். காலையில் ஆட்களும் அதிலேயே ஏறிக்கொள்வார்கள். 'அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்தை மட்டும் ஏற்கும் தேர்டு பார்ட்டி போதும்' என்கிறார் ஒரு ஏஜென்ட். 'ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுவிட்டால் எல்லாமே கவர் ஆகிவிடும்' என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது? (ஈரோடு வாசகர்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது. 'ஆட்களும் ஏறிக்கொள்வார்கள்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பெரிய கவலை அதுதான்.

சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்களிடம் கூலி வாங்கும் ஆள் என்றால் நிலைமை வேறு; மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-வது பிரிவு அவரைக் காக்கிறது. ஆனால் ஆர்சியில் இருக்கை மூன்று என்று இருக்கும்போது பின்னால் பலகைமேல் எட்டுப் பேர் உட்கார்ந்து போனால், கம்பெனி வக்கீல் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். கம்பெனி கைவிரித்தால் தொகை உங்கள் தலையில் விழும். எவ்வளவு தெரியுமா? தொழிலாளர் இழப்பீட்டு விதிப்படி, உயிரிழப்புக்கு மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்று 2020-ல் வைத்தார்கள். 30 வயதுக்காரருக்கு அந்த எண் 207.98. ஆக, 15,59,850 ரூபாய், வட்டி தனி. உங்கள் பழைய பிக்கப்பை விற்றால் அதில் பாதியாவது தேறுமா?

எனவே பாலிசி போடும்போது டிரைவர், லோடுமேன்கள் என்று எத்தனை பேருக்குப் பொறுப்பு சேர்த்திருக்கிறது என்று ஷெட்யூலில் (பாலிசியின் விவரப் பக்கத்தில்) எண்ணோடு எழுதி வாங்குங்கள். தலைக்கு ஆகும் பிரீமியம் சொற்பம். ஆர்சியில் உள்ள இருக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள், மற்றவர்களுக்கு பஸ் காசு கொடுத்துவிடுங்கள். இது பணத்துக்காக மட்டும் சொல்வதல்ல, திருப்பத்தில் வண்டி சாய்ந்தால் பலகையும் ஜாக்கியும் அவர்கள் மேல்தான் விழும். தினமும் நான்கைந்து பேரைக் கூட்டிப்போயே ஆக வேண்டும் என்றால், பொலேரோ கேம்பர் மாதிரி இரண்டு வரிசை இருக்கை உள்ள வண்டியாகப் பார்த்திருக்கலாம். வேலை நடக்கும் இடத்தில் அடிபடுவதற்கு வண்டி பாலிசி உதவாது. அதற்கு எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி தனியாக எடுக்க வேண்டும். கான்ட்ராக்டர் என்றால் அது இல்லாமல் வேலையே எடுக்கக் கூடாது என்பேன்.

இனி வண்டிக்கு வருவோம். தேர்டு பார்ட்டி பிரீமியம் எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான், அரசு நிர்ணயிப்பது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022 ஜூனில் 16,049 ரூபாய் என்று வைத்தார்கள். பேரம் பேச இடமிருப்பது சொந்தச் சேதப் பகுதியில், அதாவது உங்கள் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பகுதியில் மட்டும். மூன்று வருட வண்டிக்கு நான் அதையும் போடத்தான் சொல்வேன்.

ஆனால் 'எல்லாமே கவர்' என்ற பேச்சை நம்பாதீர்கள். சைட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்து பம்பர் நசுங்கி, லைட் உடைந்து, மட்கார்டு மடங்குகிறது என்று வையுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அடிக்கடி வரும் செலவு இதுதான். கமர்ஷியல் வண்டி பாலிசியில் லைட், டயர், மட்கார்டு, பானட், பம்பர், பெயின்ட் இவை, வண்டியே முழுதாகப் போனால் தவிர, வராது. 'ஐ.எம்.டி. 23' (IMT 23) என்ற சேர்ப்பு இருந்தால்தான் வரும். ஷெட்யூலில் அந்த எண் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடிப் பாருங்கள். விலையைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட்கள் முதலில் கழற்றிவிடுவது இதைத்தான்.

வண்டியில் இருக்கும் வைப்ரேட்டர், டிரில்லிங் மெஷின் திருடுபோனால் வண்டி இன்சூரன்ஸில் ஒரு ரூபாய் கிடைக்காது. விலை உயர்ந்த சாமான் இருந்தால் அதற்கெனத் தனி பாலிசி கேளுங்கள். வெறும் பலகையும் ஜாக்கியும் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

வேலை இல்லாத நாளில் வண்டியை வாடகைக்கு விடுவீர்களா? விடுவதாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லி பாலிசி போடுங்கள். சொந்தச் சரக்குக்கு என்று போட்டுவிட்டு அடுத்தவர் மணலை ஏற்றி அடிபட்டால் கிளெய்ம் இழுபறிதான்.

பழைய ஓனர் பெயரில் பாலிசி ஓடிக்கொண்டிருந்தால், வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்டு எழுதிக்கொடுங்கள். கிளெய்ம் கேட்காததற்காக அவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அந்தத் தள்ளுபடி வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள்.

கேள்வி: என் டிரைவரிடம் இருப்பது எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் மட்டும், கமர்ஷியல் வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் இல்லை. விபத்து நடந்தால் கிளெய்ம் மறுப்பார்களா? (கரூர் வாசகர்)

பதில்: அந்தக் காரணத்துக்காக மறுக்க முடியாது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தால் மட்டும் இந்தத் தீர்ப்பு உதவாது. தேதியைப் பார்த்துவிட்டு, நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் தகுதிச் சான்றான எஃப்சி தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள். வண்டிக்கு எட்டு வருடம் தாண்டிவிட்டால் வருடா வருடம் எடுக்க வேண்டும்.