வாசகர் கேள்வி பதில்: எர்த் பின்னை வெட்டலாமா?

கேள்வி: படுக்கையில் இருக்கும் என் மாமனாருக்காக வாடகைக்கு ஒரு நோயாளி மானிட்டர் (இதயத் துடிப்பைக் கோடாகக் காட்டும் கருவி) எடுத்திருக்கிறோம். அதன் அடாப்டரில் சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருக்கிறது. ஆனால் பிளக்கோ மூன்று பின். எங்கள் பழைய வீட்டில் கட்டில் பக்கம் இரண்டு பின் சாக்கெட்தான் உள்ளது. "இரட்டைச் சதுரம் போட்டிருந்தால் எர்த் தேவையில்லை, பின்னை வெட்டிவிடலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
(வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்)

பதில்: வேண்டாம். அவர் சொன்னதில் முதல் பாதி சரி என்பதால்தான் இரண்டாம் பாதி ஆபத்தானதாகிறது.

இரட்டைச் சதுரம் என்பது அந்த அடாப்டர் இரண்டாம் வகுப்புக் கருவி என்பதைச் சொல்கிறது. அதாவது, ஷாக் அடிக்காமல் காப்பதற்கு அது எர்த்தை நம்பியிருக்கவில்லை. 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவே இரண்டு அடுக்கு இன்சுலேஷன் அல்லது அவற்றுக்கு இணையான ஒரே வலுவான காப்பு இருக்கிறது. முதல் வகுப்புக் கருவியில் ஒரு அடுக்கு இன்சுலேஷனும், அது பழுதானால் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு போக உலோக உடலோடு இணைத்த எர்த் கம்பியும் இருக்கும். வட்டத்துக்குள் எர்த் குறி போட்டிருக்கும் முனை இந்தப் பாதுகாப்பு எர்த்துக்கு உரியது.

அப்படியானால் உங்கள் அடாப்டரில் மூன்றாவது கம்பி எதற்கு என்றால், அது கருவிக்காக, மனிதருக்காக அல்ல. உள்ளே இருக்கும் உலோகத் திரையையும் (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக மறைப்பு) மின் இரைச்சல் வடிகட்டியையும் தரையோடு இணைத்து, மானிட்டரின் கோடு நடுங்காமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. இதைச் செயல்பாட்டு எர்த் என்பார்கள். மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1 என்ற சர்வதேசத் தரநிலை (நம் நாட்டில் ஐ.எஸ். 13450) இதை அனுமதிக்கிறது, ஆனால் அந்தக் கம்பி அந்த ஒரு வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்றும், அதனோடு சேர்ந்த திரைக்கும் உள் வயர்களுக்கும் இரண்டு பாதுகாப்பு அடுக்குகள் வேண்டும் என்றும் கண்டிப்பாகக் கூறுகிறது. ஏனெனில் கம்பி அறுந்துபோகலாம், சாக்கெட்டில் எர்த் என்ற பெயரில் வெறும் ஓட்டை மட்டும் இருக்கலாம். சேலத்தில் அப்படிப்பட்ட சாக்கெட்டைப் பார்க்காத எலக்ட்ரீஷியன் இருக்கமாட்டார்.

ஒரு சிறிய கணக்கு: வடிகட்டியில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 4.7 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே ஏறத்தாழ 340 மைக்ரோஆம்பியர் கசியும். தொடக்கூடிய பகுதியிலிருந்து பழுதில்லாத நிலையில் கசியத் தக்க உச்ச அளவு 100 மைக்ரோஆம்பியர்தான். எர்த் அறுந்த நேரத்தில் அந்தத் திரை கைக்கு எட்டினால் என்னவாகும் என்று பாருங்கள். அதனால்தான் அதற்கும் தனியே காப்பு கேட்கிறார்கள்.

எனவே பின்னை வெட்டினால் உங்கள் மாமனாருக்கு உடனே ஷாக் அடித்துவிடாது. எனக்கு உறுத்துவது வேறு. அடாப்டரிலிருந்து கழற்றக்கூடிய அந்தப் பவர் வயர், கம்ப்யூட்டருக்கும் மருத்துவமனையின் பல கருவிகளுக்கும் பொருந்தும் அதே வகை. வாடகைப் பொருள் திரும்பிப் போகும்; வயர் ஊர் சுற்றும்; நாளை அது பாதுகாப்பு எர்த்தையே நம்பியிருக்கும் ஒரு முதல் வகுப்புக் கருவியில் செருகப்படும். பின் இல்லை என்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள். வெட்டுவதற்குப் பதிலாக, கட்டில் பக்கம் எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட் ஒன்றை அந்த எலக்ட்ரீஷியனையே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சிறு கிளினிக் நடத்துகிறோம். இ.சி.ஜி. எடுத்தால் கோடு முழுவதும் ரம்பப்பல் போல வருகிறது. அந்த மெஷினுக்கு மட்டும் தனியாக எர்த் குழி தோண்டலாமா? இங்கே உயரமும் மூடுபனியும் இன்சுலேஷனைப் பாதிக்குமா?
(வாசகர், ஏற்காடு)

பதில்: தனிக் குழி வேண்டாம். ஒரே நோயாளியோடு இரண்டு கருவிகள் இணைந்திருக்கும்போது அவற்றின் எர்த்துகள் இரு வேறு குழிகளில் இருந்தால், அந்தக் குழிகளின் மின்னழுத்த வேறுபாடு நோயாளியின் உடல் வழியாகவே சமன் ஆகப் பார்க்கும். எத்தனை குழிகள் இருந்தாலும் அவை ஒரே எர்த் பட்டையில் சேர வேண்டும். சேர்வராயன் மலையின் பாறை நிலத்தில் குழி காய்ந்தால் மின்தடை ஏறும் என்பது உண்மை. கரியும் உப்பும் போட்ட பழைய குழிக்குச் சித்திரை வைகாசியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரம்பப்பல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குறுக்கீடுதான். இதயத்தின் சிக்னல் ஒரு மில்லிவோல்ட் அளவே என்பதால், காய்ந்த ஜெல்லும் சரியாக ஒட்டாத எலெக்ட்ரோடுமே அதைக் கெடுக்கப் போதும். தோலைத் துடைத்துப் புதிதாக ஒட்டுங்கள். கட்டிலைச் சுவரின் வயரிங்கிலிருந்து தள்ளிப் போடுங்கள். பிளக்கைக் கழற்றி பேட்டரியில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கோடு அப்போது சீராகிவிட்டால் சந்தேகம் மின்வழியின் மீது.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டர், கருவிக்குள் மின்பகுதிகளுக்கு நடுவே விடும் காற்று இடைவெளியைக் கூட்டச் சொல்லும் உயரம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. தரநிலைப்படி கருவியைச் சுமார் 93 சதவீத ஈரப்பதத்தில் வைத்த பிறகே கசிவைச் சோதிக்கிறார்கள். பனியைவிட, குளிர்ந்த அறையிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்ததும் உள்ளே முத்து முத்தாகப் படியும் நீர்தான் எதிரி. கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்விட்ச் போடுங்கள்.

கேள்வி: எர்த் சரியா என்று மல்டிமீட்டரில் பார்த்தால் போதாதா?
(வாசகர், அம்மாபேட்டை)

பதில்: போதாது. ஒரே ஒரு இழையில் தொங்கும் கம்பிக்கும் மீட்டர் 'பீப்' அடிக்கும். கழற்ற முடியாத வயர் கொண்ட முதல் வகுப்புக் கருவிக்குத் தரநிலை கேட்பது பிளக்கின் எர்த் பின்னிலிருந்து உலோக உடல் வரை 0.2 ஓம்முக்கு மிகாத மின்தடை. அதையும் குறைந்தது 25 ஆம்பியரை 5 முதல் 10 விநாடி செலுத்தி அளக்க வேண்டும். இதற்கென உள்ள சோதனைக் கருவி பயோமெடிக்கல் பொறியாளரிடம் இருக்கும்.