சுகாதாரச் சங்கத்தின் தலைவர் எதில் கை வைக்க வேண்டும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. கோபி பக்கம் இயங்கும் ஒரு சுகாதாரச் சங்கத்துக்குப் போன மாதம் என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். நான்கு சிறு மருத்துவ நிலையங்கள், பர்கூர் மலைக்கும் கடம்பூர் மலைக்கும் போய்வரும் ஒரு மருத்துவ வண்டி, 2 மருத்துவர்கள், நர்ஸ், லேப், களப்பணியாளர் என்று 25 பேர் சம்பளத்தில் இருக்கிறார்கள். நிர்வாகக் குழுவில் 13 பேர். எல்லாரும் நன்கொடை கொடுத்த பெரிய மனிதர்கள். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் ஒறம்பரை, அதாவது உறவு.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் தெரியாது. கூட்டம் மூன்று மணி நேரம் நடக்கிறது. புதுக் கட்டடம், ஆண்டு விழா, யாருக்குப் பொன்னாடை என்பதிலேயே பொழுது போய்விடுகிறது. சித்திரையில் சர்க்கரை மாத்திரை இரண்டு தடவை தீர்ந்துபோனது. டாக்டர் பொருளாளரைச் சொல்கிறார், பொருளாளர் டாக்டரைச் சொல்கிறார். மருந்து சப்ளை செய்கிறவர் குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனர். வாயைத் திறந்தால் மனக்கசப்பு. தலைவராக நான் எதில் கை வைக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று எழுதினால் உதவியாக இருக்குமுங்க.

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம் வட்டாரம்

*

அன்புள்ள நண்பருக்கு,

மருத்துவம் தெரியாது என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். குழுத் தலைவருக்கு அது குறையே அல்ல. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது டாக்டரின் வேலை. அதில் குழு வாய் வைக்கவே கூடாது. ஆனால் வங்கியில் நீங்கள் மாதம் தவறாமல் பார்த்த ஒன்று இங்கே அப்படியே உதவும்: தவணை தவறியவர் பட்டியல். எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தோம் என்பதை வைத்து நீங்கள் ஒரு கிளையை எடை போட்டிருக்க மாட்டீர்கள். கட்டாமல் நின்றுபோனவர் யார், ஏன் நின்றார் என்றுதான் கேட்டிருப்பீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் ஆயுள் முழுக்கத் தவணை கட்டுகிற நோய்கள். நின்றுபோனவர் வீட்டுக்குப் பக்கவாதமோ மாரடைப்போ போய்ச் சேரும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

சங்கங்களின் ஆண்டறிக்கையில் ‘பயன்பெற்றோர்’ என்று ஒரு பெரிய எண் இருக்கும். ஒரே பாட்டி 12 மாதம் மாத்திரை வாங்கினால் 12 பயனாளி. குழுக் கூட்டத்தில் இந்த எண்ணைக் கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றே எண்கள் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்காகப் பதிவானவர் மொத்தம் எத்தனை, கடந்த மூன்று மாதத்தில் ஒரு முறையாவது வந்தவர் எத்தனை, கடைசியாக வந்தபோது 140/90க்குக் கீழே இருந்தவர் எத்தனை. ஒரு நிலையத்தில் பதிவானவர் 400, வந்தவர் 250, கட்டுக்குள் இருப்பவர் 175 என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை எழுதுகிறவர் 175ஐ 250ஆல் வகுத்து 70 விழுக்காடு என்று காட்டுவார், குழுவும் கைதட்டிவிடும். வகுக்க வேண்டியது 400ஆல். அப்போது 44க்குக்கூட வராது. வராமல் போன அந்த 150 பேர்தான் உங்கள் கூட்டத்தின் முதல் பொருள். யாரும் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. கண்ணெதிரே உட்கார்ந்திருப்பவரை எண்ணுவது எளிது, வராதவரை எண்ண யாராவது பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

எண் வந்ததும் அதை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரத்த அழுத்தப் பதிவேட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து அளவுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் அளந்திருந்தால் 127/83, 144/91, 138/76 என்று எல்லா இலக்கமும் கலந்து வரும். பக்கம் முழுக்க 120/80, 130/80, 140/90 என்றே இருந்தால் கருவி ரிப்பேராகிக் கிடக்கிறது, அல்லது கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் உத்தேசமாக எழுதுகிறார்கள். இதைக் கண்டதும் நர்ஸைக் கூப்பிட்டுக் கண்டிக்காதீர்கள். காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் எத்தனை பேரை அவர் ஒருவராகப் பார்க்கிறார், கையில் கட்டும் பட்டையில் பெரிய அளவு இருக்கிறதா (பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்) என்று டாக்டர் வழியாகக் கேளுங்கள். குளிர்பெட்டியின் வெப்பப் பதிவேட்டுக்கும் இதே சோதனைதான். காலையும் மாலையும், ஞாயிறு உட்பட, 4, 4, 4 என்று ஒரே மை, ஒரே கையெழுத்தில் ஒரு மாதம் ஓடியிருந்தால் அது ஒரே நாளில் எழுதியது. தடுப்பூசியும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், உறையக் கூடாது. மலைக்குப் போகும் வண்டியில் ஐஸ் கட்டியை ஒட்டி வைத்த இன்சுலின் உறைந்து வீணாவது நடக்கிற விஷயம்.

வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஷிப்டு போகிற பெண்ணுக்குக் காலை 10 மணி நிலையம் என்பது ஒரு நாள் கூலி நட்டம். மஞ்சள் வெட்டு நடக்கும் தை, மாசியில் காட்டை விட்டு யாரும் வர மாட்டார்கள். மலையில் பஸ் நேரம்தான் எல்லாம். வாரத்தில் இரண்டு நாள் மாலை 5 முதல் 8 வரை திறப்பது, நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுப்பது, வண்டியைச் சந்தை நாளுக்கு மாற்றுவது போன்றவை எல்லாம் குழு எடுக்க வேண்டிய முடிவுகள். மாலை நேரத்துக்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். அதை டாக்டர் தானாக முடிவு செய்ய முடியாது. இரண்டு மாத மாத்திரை யாருக்குத் தரலாம் என்பதை மட்டும் அவர் சொல்லட்டும்.

இனி சித்திரையில் மாத்திரை தீர்ந்த கதை. உங்கள் கடிதத்திலேயே ஒரு காரணம் தெரிகிறது. மார்ச்சில் கணக்கு முடிக்க வேண்டும் என்று பொருளாளர் பட்டுவாடாவை நிறுத்தி வைப்பார். பழைய பாக்கி வராமல் சப்ளைக்காரர் புதுச் சரக்கை அனுப்ப மாட்டார். ஏப்ரலில் அலமாரி காலி. மார்ச் மாத மருந்து பில்லை மார்ச்சிலேயே தீர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

மீதிப் பாதி ஆர்டர் போடும் கணக்கில் இருக்கிறது. 600 சர்க்கரை நோயாளிகள், ஆளுக்குத் தினம் இரண்டு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளைக்கு 1,200, மாதத்துக்கு 36,000. ஆர்டர் போட்டுச் சரக்கு வர 21 நாள் ஆகுமானால் அந்த இடைவெளிக்கே 25,200 வேண்டும். அதோடு ஒரு மாதக் கையிருப்பு 36,000. ஆக, இருப்பு 61,200க்கு இறங்கும் நாளில் ஆர்டர் போயாக வேண்டும். டப்பா காலியாகும்போது அல்ல. இன்னொரு குழி இருக்கிறது, பல பேர் இதில் விழுகிறார்கள்: போன மாதம் கொடுத்த அளவையே இந்த மாத ஆர்டராக எழுதுவது. போன மாதம் 10 நாள் மாத்திரையே இல்லை என்றால் 20 நாளில் கொடுத்தது 24,000தான். அதையே ஆர்டர் போட்டால் இந்த மாதமும் 10 நாள் காலி, அடுத்த மாதமும் அப்படியே. கொடுத்த எண்ணிக்கையை மாத்திரை இருந்த நாட்களால் வகுத்து 30ஆல் பெருக்க வேண்டும். 24,000ஐ 20ஆல் வகுத்தால் 1,200, மாதத்துக்கு 36,000. இந்தக் கணக்கைச் சொல்ல டாக்டர் வேண்டாம், நீங்களே போதும். குழுவுக்கு வரும் மருந்து அறிக்கையில் முக்கியமான 10 மருந்துகளும் ஒவ்வொன்றும் இருப்பில் இல்லாத நாட்களும் இருந்தால் போதும். விலைப் பட்டியல் பின்னால் வரட்டும்.

மைத்துனர் விஷயத்தை ஆளின் பெயர் சொல்லாமல் தீர்க்க முடியும். எல்லா உறுப்பினருக்கும் ஒரே படிவம் கொடுங்கள்: சங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள உறவினர், தொழில் பங்காளி யாரும் உண்டா? முதலில் நீங்கள் நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு மருந்துக்கு மூன்று விலைப்புள்ளி வாங்குவது என்று தீர்மானம். அந்தப் பொருள் வரும்போது உறவுள்ளவர் அறையை விட்டு வெளியே இருப்பார், அதை மினிட்ஸில் எழுத வேண்டும். மைத்துனரே குறைந்த விலையில், சரியான நேரத்தில் கொடுப்பவராக இருந்தால் அவரே தொடரட்டும், யாரும் விரல் நீட்ட முடியாது. கொங்கு நாட்டில் உறவில்லாத குழு அமைவது கடினம். உறவை மறைப்பதுதான் கெடுதல்.

டாக்டரும் பொருளாளரும் ஒருவரையொருவர் சொல்வது, யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று எழுதி வைக்காததால். ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தலைமை மருத்துவர் மாதம் 20,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் அவசரச் செலவு செய்யலாம். அதற்கு மேல் செயலாளரும் பொருளாளரும் கையெழுத்து, ஒரு லட்சத்துக்கு மேல் குழு. தொகையை உங்கள் வரவு செலவுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். காசோலையில் கையெழுத்திட மூன்று பேரைப் பதிவு செய்து, எந்த இருவரும் போடலாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். பொருளாளர் மகள் கல்யாணத்துக்குப் போனால் ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பணம் நிற்கக் கூடாது.

அதே பக்கத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: குழு உறுப்பினர் எவரும் ஊழியருக்கு நேரடியாக உத்தரவு போடக் கூடாது, ‘நான் சொன்னேன்னு சொல்லு’ என்று சீட்டு எழுதி ஆளை வரிசைக்கு முன்னால் அனுப்பக் கூடாது. டாக்டர்கள் கிராமத்தை விட்டுப் போவதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. 13 முதலாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதும் ஒரு காரணம். ஊழியர் எவரும் உறுப்பினர் வீட்டுக்குப் போய் இடமாற்றம் கேட்டால், டாக்டரிடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். டாக்டர் மீதே புகார் என்றால் அது எழுத்தில் உங்களுக்கு வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை தலைமை மருத்துவரோடு தனியாக உட்கார்ந்து, என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வைப்பது தலைவரின் வேலை. வேறு யாரிடமும் தள்ளாதீர்கள்.

கூட்டத்தை 90 நிமிடத்துக்குள் முடிக்கலாம். பொருள் நிரலும் அறிக்கைகளும் 7 நாள் முன்பே எல்லார் கைக்கும் போகட்டும். முதல் 40 நிமிடம் நோயாளி, மருந்து. அடுத்து பணம். கட்டடம் கடைசி. விழாவுக்கு மூன்று பேர் கொண்ட துணைக்குழு போட்டுவிட்டால் பொன்னாடைப் பேச்சு குழுவுக்கே வராது. தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி, மூன்று நாளில் மினிட்ஸ் அனுப்புங்கள்.

சட்டத்துக்கு ஒரு நாட்காட்டி போதும், அதிகம் கவலைப்பட வேண்டாம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தலைவர் மாறிய விவரம் மாவட்டப் பதிவாளருக்குப் போயிற்றா என்று இந்த வாரமே கேளுங்கள். பல சங்கங்கள் வங்கிக் கணக்கு முடங்கிய பிறகுதான் விழித்துக்கொள்கின்றன. வருமான வரி விலக்குக்கு வரவில் 85 விழுக்காடு அந்த ஆண்டே அறப்பணிக்குச் செலவாக வேண்டும். கட்டடத்துக்கென்று சேர்ப்பதானால் அதற்குரிய படிவத்தை ஆடிட்டர் காலத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி போன்ற மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மலை வண்டியில் சேரும் இந்தக் கழிவுக்கும் இது பொருந்தும்.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்து காலியாகும் இடங்களில் இரண்டை மாத்திரை வாங்குகிற ஆட்களுக்குக் கொடுங்கள். ஒருவர் மில் வேலைக்குப் போகும் பெண், ஒருவர் மலையிலிருந்து. கட்டாயம் இரண்டு பேர். ஒருவரை மட்டும் போட்டால் பெரியவர்கள் நடுவே வாய் திறக்க மாட்டார். பஸ் காசும் போன நாள் கூலியும் சங்கம் தர வேண்டும், அதைத் தயவு போலச் செய்யக் கூடாது. பர்கூர் மலையில் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் நிறைய. கூட்டக் குறிப்பை ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஏற்பாடு வேண்டும்.

அரசோடு போட்டி போடுகிற எண்ணம் குழுவில் யாருக்காவது இருந்தால் அதை மெல்ல அகற்றுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. உங்கள் நோயாளி இரண்டு இடத்திலும் வாங்கி இரண்டையும் விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டார மருத்துவ அலுவலரோடு இரு பக்கப் பெயர்ப் பட்டியலையும் ஒப்பிட ஏற்பாடு செய்யுங்கள். உங்களிடம் வராமல் போனவர்களில் ஒரு பகுதி அங்கே ஒழுங்காக மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கலாம். அவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. காசநோய் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம், தனியார் நிலையத்துக்கும்தான். உங்கள் நான்கு நிலையங்களிலும் அதற்குப் பொறுப்பு யார் என்று பெயர் எழுதி வாங்குங்கள்.

இத்தனையும் ஒரே கூட்டத்தில் கொண்டுபோனால் பெரியவர்கள் மிரண்டுவிடுவார்கள். முதல் கூட்டத்துக்கு மார்ச் பில் தீர்மானமும் மூன்று எண்களும் மட்டும். இரண்டாவதில் அதிகாரப் பக்கம். உறவுப் படிவம் மூன்றாவதில், அதற்கு முன்பு உறுப்பினர்களை அவரவர் வீட்டில் போய்ப் பார்த்து, எல்லாருக்கும் ஒரே படிவம்தான் என்று சொல்லிவிடுங்கள். மைத்துனர் மருந்து சப்ளை செய்கிற அந்த உறுப்பினர் வீட்டுக்கு முதலில் போங்கள்.