லாங்ஆர்ம் குயில்ட்டிங் மெஷின் இடவலமாகத் தள்ளும்போது தடுக்குவது ஏன்?

லாங்ஆர்ம் என்பது குயில்ட்டின் துணி அடுக்குகளைச் சட்டத்தில் விரித்து, மெஷினையே நகர்த்தித் தைப்பது. முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போகிற அந்த மெஷின், இடவலமாக மட்டும் தடுக்கித் தடுக்கி நகர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டாரைச் சந்தேகப்படாதீர்கள். தையல் தலை, கேரேஜ் (அதைத் தாங்கும் சக்கர வண்டி) மேல் முன்பின்னாக ஓடுகிறது, கேரேஜ் மேசைத் தண்டவாளத்தில் இடவலமாக ஓடுகிறது, அதனால் கோளாறு பெரும்பாலும் கீழ்ச் சக்கரத்திலோ தண்டவாளத்திலோதான்.

ஸ்விட்சை அணைத்து, ஊசியை மேலே ஏற்றி, துணியைக் கழற்றிவிட்டு ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள். லேசாக ஓடினால் துணியை ரோலரில் அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள். அப்படியும் தடுக்கினால் எங்கே என்று கவனியுங்கள். சக்கரம் சுற்றுக்கு ஒரு தடவை தட்டினால் அதன் விளிம்பில் பஞ்சு அப்பியிருக்கும், அல்லது அச்சில் நூல் சுற்றியிருக்கும். டார்ச் அடித்தால் தெரியும், ட்வீசரால் உருவுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் என்றால் தண்டவாள இணைப்பில் மேடு, இல்லை துரு. செங்கோட்டைச் சாரலில் இரும்பு சீக்கிரம் பூத்துவிடும், ஆகவே ஸ்பிரிட் தொட்ட துணியால் அடிக்கடி துடையுங்கள். தயவுசெய்து தண்டவாளத்தில் எண்ணெய் விடாதீர்கள். பஞ்சு ஒட்டும், நகர்ந்த தூரத்தை அளக்கிற என்கோடர் சக்கரம் வழுக்கும், அப்புறம் தையல் நீளமும் ஏறுக்குமாறாகும்.

கைவிட்டதும் கேரேஜ் தானாக உருண்டால் மேசை மட்டமில்லை, ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள்.